மோட்டாரை மாத்த வேண்டாம்னு சொன்னவ

செருப்போடவே வாங்க. கழட்டாதீங்க, கீழ பூரா இரும்புச் சுருளு, குத்துச்சுன்னா ரெண்டு நாளைக்கு நொண்டோணும். இப்புடி ஓரமா வந்து நில்லுங்க. கண்ணாடி வழியாப் பாருங்க, ஓடீட்டுத்தான் இருக்குது. பம்புக்குள்ள சுத்தற தண்டு இது, ஒரு ஷாஃப்டுக்கு மூணு நிமிஷம். இது முடிஞ்சதும் நிறுத்தீட்டு உங்ககூடப் பேசறேன்.

ஆச்சுங்க. இப்பச் சொல்லுங்க. திண்டுக்கல்லுல இருந்துங்களா? ஜெபசிங் அனுப்புனானா? அனுப்புவான். யாரு போய்க் கேட்டாலும், கோயமுத்தூரு ஆவாரம்பாளையத்துல மருதாசலம்னு ஒருத்தர் இருக்காரு, மொதல்ல அவரு மெஷினப் பாத்துட்டு வாங்கன்னுதான் சொல்லுவானாம். நீங்க நாலாவது ஆளு. வர்றவங்களுக்கெல்லாம் காட்டறேன். காட்டாம என்ன, வேலை நல்லாத்தான இருக்குது.

உங்க மாமனாரு மெஷினுங்கறீங்க. மோட்டாரெல்லாம் நல்லா இருக்குது, மெஷினுக்கு மூளை மாதிரி இருக்கற கண்ட்ரோலர்தான் செத்துப்போச்சுங்கறீங்க. எனக்கும் அதேதானுங்க ஆச்சு. இங்க பாருங்க, இந்தக் கருப்பு மோட்டாரு, அக்கட்டால குறுக்க இன்னொண்ணு. இந்த ரெண்டும் மெஷின் செஞ்ச அன்னைக்கு மாட்டுனது. முப்பத்தஞ்சு வருசம் இருக்குமுங்க. மத்ததெல்லாம் புதுசு. கண்ட்ரோலர், மோட்டாருக்குக் கரண்டு குடுக்கற ட்ரைவு, வயரு, சுவிட்சு எல்லாமே.

அவங்கிட்ட வேலையக் குடுக்கலாமான்னு கேக்கறீங்க. தாராளமாக் குடுங்க. சுத்தமான வேலைக்காரன். பொய் சொல்லத் தெரியாது. சொன்ன தேதிக்கு முடிக்கலைன்னாலும் அது அவன் தப்பா இருக்காது. ஆனா ஒண்ணு, நானும் அவனும் பேசிக்கறதில்லீங்க. அதையும் சொல்லிப்போடறேன். நாளைக்கு வேற யாராவது உங்ககிட்டச் சொல்லி, மருதாசலம் மறைச்சுப்போட்டான்னு ஆகக்கூடாது.

இல்லீங்க, காசு விவகாரமில்ல. அதெல்லாம் ஒரு குறையுமில்ல. உக்காருங்க, சொல்றேன். உங்களுக்கு பஸ்ஸு எப்பன்னாலும் கெடைக்கும்.

இந்த மெஷின நான் ஓட்டுலீங்க. இப்ப ஓட்டறேன், அப்ப ஓட்டுல. என் ஊட்டுக்காரிதான் ஓட்டுனா. துளசிமணின்னு பேரு. பதினாறு வருசம். மெஷின ஏலத்துல எடுத்தாந்தப்ப ஒரு ஆப்பரேட்டர் வெச்சிருந்தேன், ஆறே மாசத்துல பெரிய கம்பெனிக்குப் போயிட்டான். அவ எனக்குச் சோறு கொண்டாருவா, கொண்டாந்து வெச்சுட்டு அவம் பின்னாடி நின்னு பாத்துட்டிருப்பா. அவன் போன மறுநா வந்து, ஏனுங்க, நா ஓட்டிப் பாக்கட்டுங்களான்னு கேட்டா. பத்தாவது படிச்சவ. ஓட்டீட்டா. அன்னீல இருந்து நா வெளிய, அவ உள்ள. இரும்பு ராடு வாங்கறது, பம்பு கம்பெனிக்குக் கொண்டுபோய்க் குடுக்கறது, பேசறது, எல்லாம் நானு. அவ நின்ன எடத்துல நின்னு ஷாஃப்ட் கடைவா. நல்ல ஏற்பாடுங்க அது. ஒரு நாளு ஒரு பொழுது எங்களுக்குள்ள சண்டைன்னு வந்ததில்ல. பேசறதுக்கே நேரமில்லாதப்ப சண்டை எங்கீங்க வரும்.

வெளிய போர்டு பாத்தீங்களா? மருதாசலம் இன்ஜினியரிங். அவ பேரத்தான் போடலாம்னு இருந்தேன். பெயிண்டர்தான் துளசிமணின்னா எழுத்து நீளமாப் போகுது, போர்டு பத்தாதுன்னான். மருதாசலத்துல ஒரெழுத்து சாஸ்தின்னு அப்பறந்தான் எண்ணிப் பாத்தேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, பங்குனியில ஒரு நாள் காலைல சுவிட்சு போட்டா ஸ்கிரீன் வரல. நாலு நாளாப் பாத்தோம். உள்ள பேட்டரி கசிஞ்சு கார்டையெல்லாம் தின்னுபோட்டுது. அந்தக் கார்டு இப்ப எங்கயும் கெடைக்கறதில்லீங்க. ஒருத்தன் வந்து பாத்துட்டு எடைக்குப் போட்டுருங்கன்னான். இன்னொருத்தன், மோட்டாரு உட்பட அத்தனையும் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போடோணும்னான். புது மோட்டாருன்னா அது உக்கார்ற எடமே வேற, அது திருப்பற நீள ஸ்க்ரூவோட சேர்ற எடம் வேற, எல்லாத்தையும் கடைஞ்சு மாத்தோணும். நாலு மாசம் ஆகும்னான். எனக்குச் சரீன்னுதான் பட்டுது. செய்யறதச் செஞ்சா முழுசாச் செஞ்சரோணும்.

அவதான் வேண்டாம்னா. மூணாவதா ஜெபசிங் வந்து நின்னப்ப, நான் அவங்கிட்ட மோட்டாரையும் மாத்தீரலாம்னு சொல்லீட்டிருக்கறேன், அவ நடுவுல வந்து, "மோட்டாருக்கு ஒண்ணுமே இல்ல தம்பி. தெனமும் சாயங்காலம் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன். ஒரு நாளும் கைசுட்டதில்ல"ன்னா.

அவன் என்னையப் பாக்குல. அவளப் பாத்தான். பாத்துட்டு, மோட்டாரு மூடியக் கழட்டி, பிரஷ்ஷ வெளிய எடுத்து, தண்டக் கையில சுத்தி, மீட்டரு வெச்சு, ஒரு மணி நேரம் என்னென்னமோ பண்ணுனான். கடைசீல எந்திரிச்சு, "யக்கா சொல்லுததுதான் சரி அண்ணாச்சி. இந்த மோட்டார நீங்க எறிஞ்சாலும் நான் எடுத்துட்டுப் போயிருவேன். இத வெச்சே செஞ்சா ஆறு வாரத்துல ஓட்டிக் காட்டுதேன்"னான். நாசரேத்துப் பக்கத்துக்காரன், அப்புடித்தான் பேசுவான்.

ஆறு வாரம்னு கேட்டதும் அவ மொகம் தெளிஞ்சுபோச்சு. அன்னைக்கே நான் கவனிச்சேன். எதுக்கு இத்தன அவசரம்னு கேட்டேன். "நாலு மாசம் நிறுத்துனா கம்பெனிக்காரங்க வேற பக்கம் போயிருவாங்கல்லங்க"ன்னா. அது சரிதான்னு உட்டுட்டேன்.

கேட்டனுங்க நான். கேக்காம இருக்குல. அதச் சொல்றேன்.

சித்திரை ஒண்ணாந்தேதி கழிஞ்சு வேலை ஆரம்பிச்சான். தனியாத்தான் வந்தான், உதவிக்கு ஆளில்ல. அதுனால இவதான் கூடமாட நின்னா. பழைய வயரு ஒவ்வொண்ணையும் கழட்டறதுக்கு முன்னால, இது எங்கிருந்து எங்க போகுதுன்னு துண்டுப் பேப்பர்ல எழுதி ஒட்டுனா. எறநூத்தி சொச்சம் வயரு. எழுத்து முத்து முத்தா இருக்கும். மெஷின் நின்னுபோனதுனால அவளுக்கு நிக்கற வேலை கொறைஞ்சுபோச்சு, ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவா. பதினாறு வருசத்துல அவ பகல்ல உக்காந்து நான் பாத்ததில்ல. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. வேலையில்லைன்னா ஒடம்பு சோம்பல் கேக்கத்தான செய்யும்னு நெனச்சுட்டேன்.

வெயிலும் அந்த வருசம் சாஸ்தி. ராத்திரி படுத்தா புழுங்குதுன்னு சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டே தூங்குனா. செருப்புப் பத்தலைன்னா. காலு வீங்கிப் பெருத்திருந்துச்சு, உக்காந்தே இருந்தா அப்புடித்தான், நானே கடைக்குப் போயி ஒரு அளவு பெருசா வாங்கியாந்து குடுத்தேன். நல்ல செருப்பு. அதையும் சொல்லோணுமில்ல. பொண்டாட்டிக்குச் செருப்பு வாங்கிக் குடுத்த ஆம்பளைங்க எத்தன பேருங்க இந்த வீதியில?

சரி, கதைக்கு வர்றேன். வைகாசி பொறந்து ஒரு வாரத்துல மொதல் தடவ கரண்டு குடுத்தான். மோட்டாருக்குப் பின்னால சின்னதா ஒரு டைனமோ மாதிரி இருக்குமுங்க. மோட்டாரு எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு அதுதான் ட்ரைவுக்குத் தகவல் சொல்லும். ரெண்டே வயரு. அந்த ரெண்டையும் மாத்திக் குடுத்துட்டா தகவலு தலைகீழாப் போகும். மோட்டாரு ஓட ஓட, ட்ரைவு இன்னும் ஓடலையேன்னு நெனச்சு இன்னும் புடிச்சுத் தள்ளும். அதுதான் ஆச்சு. சுவிட்சப் போட்டதுதான், சத்தமில்லாம நின்ன கேரேஜ், அந்த உளி புடிச்சிருக்கற பாரமான தட்டு, குண்டு மாதிரிக் கெளம்பி, தண்டக் கவ்வற சக்கப் பாத்துப் போச்சு. எனக்கு என்ன நடக்குதுன்னே தெரியல. ஜெபசிங் கையி அந்தப் பக்கம் பேனலுக்குள்ள இருக்குது. முட்டறதுக்கு ஒரு சாண் இருக்கறப்ப நின்னுபோச்சு.

பாத்தா, செவப்புப் பட்டன் மேல அவ உள்ளங்கை. கரண்டு குடுக்கறதுக்கு முன்னாலயே போய்க் கைய வெச்சுட்டு நின்னிருக்கா. யாரும் சொல்லுல.

நான் ஜெபசிங்கப் புடிச்சுத் திட்டுனேன். நல்லாவே திட்டுனேன். அவன், "என் தப்புதான் அண்ணாச்சி, ரெண்டு வயரு மாறிப்போச்சு"ன்னான். துளசி, "அவரத் திட்டாதீங்க. முட்டுலயில்ல, மாத்திக்கலாம்"ன்னு சொல்லீட்டே கீழ உக்காந்துட்டா. உக்காந்தவ எந்திரிக்குல. ஒதடெல்லாம் நீலம் பாஞ்சிருந்துச்சு. பயந்துட்டான்னு நெனச்சேன். நானே பயந்துதான போயிருந்தேன்.

ஜெபசிங் தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு அவ பக்கத்துலயே குத்தவெச்சு உக்காந்து, "யக்கா, எத்தன நாளா இப்படி இருக்கு?"ன்னு கேட்டான். அது எங்காதுல உழுந்துச்சு. அவ என்ன சொன்னான்னு உழுகுல. ஏன்னா நான் அப்ப டயல் கேஜ வெச்சு ஸ்க்ரூ வளைஞ்சிருக்குதான்னு பாத்துட்டிருந்தேன். முட்டுலைன்னாலும் அந்த வேகத்துல நின்னா ஸ்க்ரூவுக்கு ஆகாதுங்க. அது வளைஞ்சா எல்லாமே போச்சு. வளையல. ரெண்டு தடவ பாத்தேன்.

அடுத்த வாரம் இன்னொரு சிக்கலு. இந்த மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ்ஷுன்னு கரிக்கட்டி இருக்கும், தேயும். நீளவாக்குல ஓட்டற மோட்டாருல அது ரொம்பத் தேஞ்சிருந்துச்சு. அந்த அளவு இங்க கெடைக்கல. மெட்ராஸ்ல ஒருத்தரு வெச்சிருக்காருன்னு ஜெபசிங் சொன்னான். நானே போனேன். ரெண்டு நாளு. நல்ல அலைச்சலுங்க. திரும்பி வந்து பாத்தா, ரெண்டு பேரும் எப்பவும் போல வேலை பாத்துட்டிருக்கறாங்க. அவ முழங்கை மடிப்புல பஞ்சு வெச்சு பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சு. என்னன்னு கேட்டேன். "சும்மா, சக்கரை பாத்தேனுங்க"ன்னா. இருந்துச்சான்னு கேட்டேன். இல்லைன்னா. நல்லதுன்னேன்.

பாருங்க, அதையும் கேட்டிருக்கறேன்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு அப்பறந்தான் தெரியும். நான் மெட்ராஸுக்கு ரயிலேறுன மறுநாளு காலைல, ஜெபசிங் அவளத் தன்னோட வண்டியில உக்கார வெச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருக்கறான். அவனோட அக்கா ஒருத்தி இப்புடித்தான் காலு வீங்கி, உக்காந்தே தூங்கிப் போயிச் சேந்தாளாம். அதுனால அவனுக்குப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. டாக்டர் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்துட்டு, இருதயத்துல ஒரு வால்வு சுருங்கிப்போச்சு, சின்ன வயசுல காய்ச்சல் வந்து உட்டுட்டுப் போன வெனை, இந்த வாரமே சேந்துருங்கம்மான்னு சொல்லியிருக்கறாரு. அவ, மெஷின் ஓடட்டும், வந்தர்றேன்னு சொல்லியிருக்கறா.

எங்கிட்டச் சொல்லச் சொல்லி அவன் கெஞ்சியிருக்கறான். அவ அவங்கிட்டச் சத்தியம் வாங்கீட்டா. "அவருகிட்டச் சொன்னா மெஷின அப்புடியே போட்டுட்டு வந்துருவாரு தம்பி. அப்பறம் அது எந்திரிக்கவே எந்திரிக்காது"ன்னாளாம்.

நான் மெஷினப் போட்டுட்டு வந்துருவேனாம். பாத்தீங்களா, அவளுக்கு என்னையப் பத்தி அப்புடி ஒரு நெனப்பு.

வந்திருப்பேன். வந்திருப்பேனுங்க.

அதுக்கப்பறம் ஜெபசிங் வேலை பாத்த வேகம் இருக்குதே, அது வேற. காலைல ஏழு மணிக்கே வந்து ஷட்டரு தெறக்கறதுக்கு நிப்பான். ஞாயித்துக்கெழமைன்னா சர்ச்சுக்குப் போகாம இருக்கமாட்டான், ரெண்டு ஞாயிறு அதையும் உட்டுட்டு வந்தான். அன்னைக்குத் திட்டுனது வேலை செய்யுது போலன்னு நெனச்சேன். எனக்குள்ள ஒரு பெருமைகூட. வைகாசி கடைசீல ரெண்டு மோட்டாரும் சொன்ன எடத்துக்குப் போயிச் சொன்ன எடத்துல நின்னுச்சு. எல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு கொறை. குறுக்கால போற மோட்டாரு நிக்கறப்ப லேசா ஒரு நடுக்கம். ம்ம்முன்னு ஒரு சத்தம். காதைக் கிட்டக் கொண்டுபோனாத்தான் கேக்கும். மோட்டாரு பழசு, ட்ரைவு புதுசு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகோணும்ல.

அவன் சொன்னான், "அண்ணாச்சி, இது ஓடும். அளவு ஒண்ணும் கெடாது. மொதல்ல ஓட்டுங்க, ஒரு மாசங்கழிச்சு வந்து நான் இதச் சரிபண்ணித் தாரேன். என்ன நம்புங்க."

நான் ஒத்துக்குல. என்ர காது அப்புடிங்க. வீதி முக்குல வர்றப்பவே எந்த மெஷின்ல எந்த பேரிங் சத்தம் போடுதுன்னு சொல்லிப்போடுவேன். இத இப்பவே நிறுத்திக் குடுத்தாத்தான் கைய வெப்பேன்னுட்டேன். அவன் துளசியப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். எனக்குக் கோவமே வந்துச்சு, மெஷின் என்னுது, இவன் எதுக்கு அங்க பாக்கறான்னு. அவ தலையக் குனிஞ்சுட்டு, "அவரு சொல்ற மாதிரியே பண்ணிக் குடுத்துரு தம்பி"ன்னா.

எட்டு நாளு ஆச்சு. ட்ரைவுல ஒரு சின்னத் திருகாணி இருக்குது, அதக் கொஞ்சம் திருகறது, ஓட்டிப் பாக்கறது, மறுபடி திருகறது. எட்டாவது நாளு சத்தம் நின்னுபோச்சு. இப்பக் கேட்டீங்கல்ல, ஏதாச்சும் சத்தம் வந்துச்சா? வராது.

ஆனி மாசம், ஒரு வியாழக்கெழம மொதல் ஷாஃப்ட் கடைஞ்சா. மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து பாத்துட்டு எங்கிட்ட நீட்டுனா. துல்லியம். அவ மொகத்துல அப்புடி ஒரு நெறவு. அன்னைக்குப் பன்னெண்டு பீஸு போட்டா. வெள்ளிக்கெழம முப்பது. அன்னைக்குச் சாயங்காலம் ஷட்டரு எறக்கறப்ப, "ஏனுங்க, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாமுங்களா?"ன்னு கேட்டா.

சாவகாசமாத்தான் கேட்டாளுங்க. அதத்தான் சொல்றேன். கழுத்து புடிச்சிருக்குதுங்கற மாதிரிதான் கேட்டா. ஒரு வார்த்த, நெஞ்சுன்னோ மூச்சுன்னோ அவ வாயில வரல. திங்கக்கெழம கம்பெனிக்கு எறநூறு ஷாஃப்ட் போகோணும், மூணு மாசமா காத்திருக்கறவங்க. திங்கக்கெழம குடுத்துட்டு, செவ்வாக்கெழம போலாம் துளசின்னேன். சரிங்கன்னா. அவ்வளவுதான் பேச்சு. நான் ஒண்ணும் போகவேண்டாம்னு சொல்லுல. செவ்வாக்கெழமன்னுதான் சொன்னேன்.

சனிக்கெழம நின்னு ஓட்டுனா. ஞாயித்துக்கெழம அவளுக்கு லீவு குடுத்துட்டேன். மீதிய நானே பாத்துக்கறேன்னு வந்துட்டேன். பதினொரு மணி இருக்கும். பக்கத்தூட்டு ருக்குமணியக்கா போன் பண்ணுச்சு. துணி காயப் போட்டுட்டிருந்தவ, படியில உக்காந்தவ, அப்புடியே சாஞ்சுட்டான்னு. நான் போறப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. பக்கெட்டுல பாதித் துணி ஈரத்தோட அப்புடியே கெடந்துச்சு. எம்பட வேட்டிதான்.

தாராபுரத்துல குடுத்திருக்கற எங்க பொண்ணு வந்துதான் எல்லாம் பாத்துக்கிட்டா. எனக்கு ஒண்ணும் ஓடல.

எழவூட்டுக்கு ஜெபசிங் வந்தான். வந்து வாசல்லயே உக்காந்து அழுதான். ஒறம்பரை சனமெல்லாம் இவன் யாருன்னு திரும்பிப் பாக்கற மாதிரி அழுதான். துளசிகூடப் பொறந்தவன், என் மச்சினன் சென்னியப்பன் போயி, தம்பி யாருங்க நீங்கன்னு கேக்க, அவன் அப்பத்தான், எல்லாத்தையும், ஆஸ்பத்திரி, ஸ்கேனு, சத்தியம், ஒண்ணு உடாம அத்தன பேரு முன்னால சொல்லீட்டான்.

நான் எந்திரிச்சுப் போயி அவஞ் சட்டையப் புடிச்சுட்டேன். தெரிஞ்சிருந்தும் எங்கிட்டச் சொல்லாம இருந்தியேடா, நீ மனுசனான்னு கேட்டேன். நீங்களே சொல்லுங்க, கேக்கக்கூடாதா? ஒரு பொம்பள உசுரு. அவ சத்தியம் வாங்குனா என்ன, அதையெல்லாம் பாத்துட்டா இருப்பாங்க? ஒரு வார்த்த, அண்ணாச்சி இந்த மாதிரின்னு ஒரே வார்த்த. அன்னைக்கே தூக்கீட்டு ஓடியிருப்பேன். அத இன்னைக்கு வரைக்கும் என்னால மன்னிக்க முடியலீங்க.

அவன் கைய எடுத்துவிடக்கூட இல்ல. அப்புடியே நின்னுட்டு, "அந்த எட்டு நாளு அண்ணாச்சி"ன்னான். எந்த எட்டு நாளுன்னு நானும் கேக்குல. கையி தானா உட்டுருச்சு.

சென்னியப்பன் சொன்னது அதவிட. "மச்சான், பக்கத்துல படுத்திருந்த உங்களுக்கு அவ மூச்சு எளைக்கறது கேக்கவே இல்லீங்களா?"ன்னான். ஃபேனு ஓடுமுங்க. பழைய ஃபேனு, அது போடற சத்தத்துல என்னத்தக் கேக்கறது? அவனுக்கு அதெல்லாம் தெரியாது. அவனும் இப்பப் பேசறதில்ல.

அதுக்கப்பறமும் ஜெபசிங் வந்தானுங்க. சொல்லாமச் சொன்ன வாக்குங்கற மாதிரி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வர்றான். மோட்டாரு மூடியத் தெறந்து, பிரஷ்ஷத் தொடைச்சு, எவ்வளவு தேஞ்சிருக்குதுன்னு பாத்து வெச்சுட்டுப் போறான். நான் அந்த மேசையில உக்காந்துக்குவேன். டீ வாங்கி வெச்சா குடிக்கமாட்டான். வேண்டாங்கவும் மாட்டான். ஆறிப்போயிக் கெடக்கும். மெஷின் ஓட்டறதுக்கு வேற ஆளு போடச் சொல்றாங்க எல்லாரும். போடுலீங்க. மெஷின் ஓட்டறது பெரிய காரியமில்ல, பட்டனுதான. மூணு நிமிஷம் நின்னு பாத்துட்டிருக்கோணும், அப்பறம் கழட்டோணும், மாட்டோணும், மறுபடி மூணு நிமிஷம். எட்டு மணி நேரம் அப்புடி நின்னா முழங்காலுக்குக் கீழ கல்லு கட்டுன மாதிரி ஆகிப்போகுது. அப்ப எனக்குத் தெரியாதுங்க அது. நின்னவங்களுக்குத்தான தெரியும்.

நீங்க கெளம்போணும் போலிருக்குது. குடுங்க, அவங்கிட்டயே குடுங்க உங்க மெஷின. மோட்டாரையும் மாத்தச் சொல்லாதீங்க. தேதியும் கேட்டு நெருக்காதீங்க. இந்த நம்பருதான் அவன் நம்பரு, எழுதிக்கங்க. எனக்கு மனப்பாடம்.

ஒண்ணு கேக்கலாமுங்களா, தப்பா எடுத்துக்கலைன்னா?

அன்னைக்கு எழவூட்டுல அவன் சென்னியப்பங்கிட்டச் சொல்றப்ப ஒரு பேச்சுச் சொன்னான். ஆஸ்பத்திரியில மூணு மணி நேரம் உக்கார வேண்டியதாப் போச்சாம் ஸ்கேனுக்கு. "யக்கா பூரா நேரமும் பேசிக்கிட்டே இருந்தாவ, நான் அவ்வளவு பேசி அவங்களக் கண்டதே இல்ல"ன்னான். எனக்கு அதுதானுங்க. அவ பேசறவளே இல்ல. இருபத்தியேழு வருசம் ஆச்சுங்க எங்களுக்குக் கல்யாணமாகி. இதா, இந்த நாலு சுவத்துக்குள்ள பதினாறு வருசம். மூணு மணி நேரம் பேசறதுக்கு அவகிட்ட என்ன இருந்துச்சு? வேற எதுவும் சந்தேகமில்லீங்க, அந்த மாதிரி நெனச்சுப்போடாதீங்க. என்ன பேசுனாள்னு மட்டும் தெரியோணும். மெஷினப் பத்தியா, பொண்ணப் பத்தியா, அவ சின்னப்புள்ளையா இருந்ததப் பத்தியா. எதுன்னாலும் சரி. என்னையத் திட்டியிருந்தாலும் சரி.

உங்க ஊர்ல வந்து வேலை பாக்கறப்ப ஒரு மாசம் ரெண்டு மாசம் கூடத்தான இருப்பான். சாப்புடறப்ப, சும்மா இருக்கறப்ப, பேச்சோட பேச்சாக் கேட்டு வெச்சீங்கன்னா, எனக்கு ஒரு போனு போட்டுச் சொல்லுங்க. நான் கேட்டதாக் காட்டிக்க வேண்டாம்.

இல்லீங்க. இருங்க. நாந்தான் கேட்டேன்னே சொல்லுங்க.